மூன்று ஹீட்டர், ஒரு படுக்கையறை, சாகாத மூட்டைப்பூச்சி: நடந்தது முழுவதும்

தங்கை வீட்டுப் படுக்கையறையில் மூட்டைப்பூச்சி வந்தது. இரண்டு முறை மருந்து அடித்தும் போகவில்லை. அறையைச் சூடாக்கினால் எல்லாம் செத்துவிடும் என்று யாரோ சொல்ல, வீட்டில் இருந்த ஹீட்டர், கேட்டு வாங்கிய ஹீட்டர் எல்லாவற்றையும் ஒரே அறைக்குள் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓட்டினோம். நானும் கூடவே இருந்தேன். பூச்சி சாகவில்லை, சில ஹாலுக்குக் குடிபோயின. போதாததற்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று இளகிப்போனது, இன்னும் அரை மணி நேரம் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. அன்று மணிக்கொரு தரம் குறித்து வைத்த வெப்பநிலைக் கணக்கு என்னிடம் இருக்கிறது. இதே யோசனையில் இருக்கும் யாராவது ஹீட்டரை ப்ளக்கில் செருகுவதற்கு முன்னால் அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

அறையும் பூச்சியும்

3 மீட்டருக்கு 3.5 மீட்டர் அறை, உயரம் 2.7 மீட்டர். செங்கல் சுவர், சிமெண்ட் பூச்சு, டைல்ஸ் தரை. மரக்கட்டில், பஞ்சு மெத்தை, சுவரோடு ஒட்டிய அலமாரி, அதற்குள் திணித்து வைத்த துணி, மேலே இரண்டு சூட்கேஸ். பூச்சி வந்த வழி அந்த சூட்கேஸ்தான் என்று பிற்பாடு தெரிந்தது, அதன் ஜிப் ஓரம் முழுக்க கறுப்புப் புள்ளிகள்.

மெத்தையின் விளிம்புத் தையலை விரலால் பிரித்துப் பார்த்தபோது பேனா முனையால் குத்தியது போன்ற எச்சப் புள்ளிகள், காய்ந்த தேன் நிறத் தோல் உரிகள், நடுவே ஒன்றிரண்டு உயிருள்ளவை. கட்டிலைக் கழற்றியபோதுதான் உண்மையான கூட்டம் தெரிந்தது. தலைப்பலகையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றி, துளைக்குள் டார்ச் அடித்தால், உள்சுவரில் வரிசையாக வெள்ளை முட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், பசை போட்டு ஒட்டியது போல ஒட்டியிருந்தன. நகத்தால் சுரண்டினால்கூட வரவில்லை. இந்த முட்டைதான் இந்தக் கதையில் முக்கியமான ஆள்.

மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூட்டைப்பூச்சிக்கு மருந்தைப் பழகிக்கொள்ளும் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. டிடிடி பூச்சியைக் கொல்லும் என்று பால் முல்லர் கண்டுபிடித்தது 1939இல், அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1948இல். ஆனால் 1947லேயே பேர்ல் ஹார்பர் கடற்படைக் குடியிருப்பில் டிடிடிக்கு அசையாத மூட்டைப்பூச்சிகளைப் பார்த்துவிட்டார்கள். இப்போது வீட்டில் அடிக்கும் ஸ்ப்ரேக்களில் பெரும்பாலும் இருப்பது பைரித்திராய்டு வகை மருந்து, அதற்கும் இதே நிலைதான் பல இடங்களில். மருந்தைப் போலச் சூட்டைப் பூச்சி எளிதில் பழகிக்கொள்ளாது என்பதால்தான் சூடு வைக்கும் முறைக்கு இவ்வளவு மவுசு. அந்த நம்பிக்கையில் தவறு இல்லை. எவ்வளவு சூடு, எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்று கேட்காமல் இறங்கியதுதான் எங்கள் தவறு.

ஞாயிற்றுக்கிழமை

இருந்தவை: 2 கிலோவாட் ஃபேன் ஹீட்டர் இரண்டு, 1.5 கிலோவாட் ஆயில் ஹீட்டர் ஒன்று. மொத்தம் 5.5 கிலோவாட். எல்லாவற்றையும் ஒரே லைனில் மாட்டினால் ட்ரிப் ஆகும் என்பதால் ஒன்றை ஹாலில் இருந்தும் இன்னொன்றைச் சமையலறையில் இருந்தும் எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து மாட்டினோம். ஜன்னல் இடுக்குகளில் டேப், கதவுக்கு அடியில் சுருட்டிய துண்டு. ஆறு சென்சார் வைத்தேன். இதை மட்டும் அன்று ஒழுங்காகச் செய்தோம் என்று சொல்லலாம்.

காலை 9 மணிக்கு அறை 27 டிகிரி. முதல் ஒரு மணி நேரத்தில் நடுவில், நெஞ்சு உயரத்தில் தொங்கவிட்ட சென்சார் 43ஐத் தொட்டது. எல்லோருக்கும் ஒரே உற்சாகம். பதினொன்றே கால் மணிக்கு 49.

"அண்ணா, அம்பது வரப்போகுது! இன்னும் ஒரு மணி நேரம் ஓடுனா போதும்ல?" என்றாள் தங்கை.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த நேரம் பார்த்து ஒரு ஃபேன் ஹீட்டர் தானாக நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தோம். அது தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. வீட்டு ஹீட்டர் என்பது குளிர்ந்த அறையில் ஓடுவதற்காகச் செய்தது, உள்ளே இழுக்கும் காற்றே 45, 50 டிகிரியில் வந்தால் அதன் பாதுகாப்பு கட்-ஆஃப் விழுந்துவிடும். அறை சூடாக ஆக ஹீட்டர் குறைவாக ஓடும். எப்போது அதிகச் சூடு தேவையோ அப்போது பார்த்துச் சோர்ந்துவிடும் பொருளை வைத்துக்கொண்டு சண்டைக்குப் போயிருக்கிறோம்.

மதியம் 2 மணிக்கு, ஐந்து மணி நேரம் ஓட்டிய பிறகு, ஆறு சென்சாரும் காட்டியது இது: கூரைக்கு ஒரு சாண் கீழே 58. நெஞ்சு உயரத்தில் 51. அறை நடுவே தரையில் 43. மெத்தைக்குள் 39. அலமாரிக்குப் பின்னால் சுவரும் தரையும் சேரும் மூலையில் 36. மடித்து அடுக்கிய துணிக்கு நடுவே 34.

அந்தக் கடைசி மூன்று எண்களைப் பாருங்கள். மூட்டைப்பூச்சி எங்கே வசிக்கிறதோ அங்கே சூடே இல்லை. பூச்சி இல்லாத கூரைப் பக்கம்தான் அடுப்பு போலக் கொதித்தது.

மாலை 4 மணிக்கு மாப்பிள்ளை ஹாலில் இருந்து, "மச்சான், ஏதோ பொசுங்குற வாடை வருது" என்று கூப்பிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால், படுக்கையறைக்குள் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ப்ளக் செருகிய துளையைச் சுற்றி பழுப்பேறி, தொட்டால் விரல் பதியும் அளவுக்கு இளகியிருந்தது. மெயினை அணைத்துவிட்டுத்தான் ப்ளக்கைப் பிடுங்கினோம். அத்துடன் அன்றைய வேலை முடிந்தது.

ஒன்பது நாள் கடி இல்லை. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தோம். பத்தாவது நாள் கையில் வரிசையாக மூன்று தடிப்பு. பன்னிரண்டாவது நாள் ஹால் சோஃபாவின் தையலில் ஒன்று கிடைத்தது, அதுவரை அந்த சோஃபாவில் ஒன்றும் இருந்ததில்லை. கொல்லும் அளவுக்குப் போகாத சூடு பூச்சியைக் கிளப்பி விடும். சுவர் இடுக்கு, ஸ்விட்ச் போர்டுத் துளை, கதவு நிலை என்று குளிர்ந்த பக்கம் பார்த்து நகரும். ஓர் அறைப் பிரச்சினையை நாங்களே இரண்டு அறைப் பிரச்சினை ஆக்கியிருந்தோம்.

சூடு எங்கே போயிற்று

முதலில் சாவதற்கு என்ன வேண்டும் என்று பார்ப்போம். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 2011இல் வெளியான ஆய்வின்படி, வளர்ந்த மூட்டைப்பூச்சி 45 டிகிரியில் சாக ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். முட்டைக்கு அதே 45 டிகிரியில் 7 மணி நேரம். 48 டிகிரி என்றால் முட்டைக்கு 72 நிமிடம். 55ஐ நெருங்கினால் முட்டையும் உடனே போய்விடும். அதாவது வெப்பமும் நேரமும் சேர்ந்துதான் கொல்கின்றன, மூன்று டிகிரி குறைந்தால் நேரம் பல மடங்கு கூடுகிறது. இந்த எண்கள் எல்லாம் பூச்சி இருக்கும் இடத்தின் சூடு, அறையின் காற்றுச் சூடு அல்ல. எங்கள் 36 டிகிரி மூலையில் பூச்சிக்கு அன்று ஒரு வெயில் நாள், அவ்வளவுதான்.

அந்த மூலை ஏன் ஏறவில்லை? ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே தலை சுற்றியது. அறையில் உள்ள காற்று 28 கன மீட்டர், எடை 32 கிலோ வரும். அதை 25 டிகிரி ஏற்ற கால் யூனிட் மின்சாரம்கூட வேண்டாம். அதனால்தான் முதல் ஒரு மணி நேரத்தில் அத்தனை உற்சாகம். ஆனால் சுவர், தரை, கூரை சேர்ந்து 55 சதுர மீட்டர் பரப்பு. அதன் உள்பக்கத்து முதல் 2 சென்டிமீட்டர் கனத்தை மட்டும் எடுத்தாலே கிட்டத்தட்ட 2 டன் சிமெண்டும் செங்கல்லும். அதை 25 டிகிரி ஏற்ற ஏறக்குறைய 12 யூனிட், காற்றுக்கு ஆனதைப் போல 50 மடங்கு. இத்துடன் கட்டில், மெத்தை, அலமாரி, துணி எல்லாம் தங்கள் பங்கைக் கேட்கும். உள்ளே கொடுக்கிற சூடு சுவர் வழியாக வெளியே ஓடிக்கொண்டே இருக்கும், அறை வெளியைவிட 25 டிகிரி கூடுதலாக இருக்கும்போது அந்த இழப்பு மட்டுமே இரண்டு மூன்று கிலோவாட்டுக்குக் குறையாது. கட்-ஆஃப் விழுந்து விழுந்து பாதி நேரம் நிற்கும் ஹீட்டர்களை வைத்துக்கொண்டு இதற்கு ஈடுகொடுப்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்ட கதைதான்.

இன்னொன்று காற்றோட்டம். நாங்கள் காற்றைக் கலக்கவே இல்லை. சூடான காற்று மேலே போய் உட்கார்ந்துகொண்டது, கூரைக்கும் தரைக்கும் 15 டிகிரி வித்தியாசம். தரையோரம் பெரிய ஃபேன் வைத்து அடித்திருந்தால் அந்த 43 கொஞ்சம் ஏறியிருக்கும், மெத்தைக்குள்ளும் அலமாரிக்குப் பின்னாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது. மடித்த துணியும் பஞ்சும் சூட்டைத் தடுக்கத்தானே செய்தவை. குளிரில் போர்த்திக்கொள்ளும் அதே கம்பளிதான் உள்ளே ஒளிந்திருக்கும் பூச்சியையும் எங்கள் ஹீட்டரிடம் இருந்து காப்பாற்றியது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதை நேரடியாகவே சொல்கிறது: தெர்மோஸ்டாட்டைக் கூட்டுவதும் அறை ஹீட்டர் வைப்பதும் மூட்டைப்பூச்சிக்கு உதவாது, அதற்கென்று கருவியும் மிக அதிக வெப்பமும் வேண்டும். இதை முதலில் படித்திருக்க வேண்டும்.

வயர் விஷயம்

இதைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் பூச்சி சாகாமல் போனால் மறுபடி முயலலாம், வீடு எரிந்தால் முடியாது.

வீட்டு வயரின் மேலுறை சாதாரணமாக 70 டிகிரி வரை தாங்கும் பிவிசி. இந்த வயரில் இவ்வளவு ஆம்பியர் போகலாம் என்று சொல்லும் அட்டவணை, சுற்றியுள்ள காற்று 30 டிகிரி என்று வைத்துப் போட்டது. காற்று 50 டிகிரி ஆனால் அந்த அளவில் 71 சதவீதம்தான் போகலாம், 60 டிகிரி ஆனால் பாதிதான். ஓர் அறையை வேண்டுமென்றே 50க்கு ஏற்றி, அதே அறைக்குள் கிடக்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் 2 கிலோவாட்டை மணிக்கணக்காக ஓட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் பழுப்பு பாக்ஸ் சாட்சி. ப்ளக் கொஞ்சம் தளர்வாக இருந்தால் அந்த இடத்தில் சூடு இன்னும் கூடும். எங்களுடையதில் அதுதான் நடந்தது. மெயின் ட்ரிப் ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். மின்சாரம் அளவுக்கு மீறிப் போகவே இல்லை, இணைப்புதான் சுட்டது, அதை எம்சிபியால் (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்) கண்டுபிடிக்க முடியாது.

கேஸ், மண்ணெண்ணெய் ஹீட்டரை டேப் ஒட்டி மூடிய அறைக்குள் கொளுத்துவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடு வாடை இல்லாமல் ஆளைக் கொல்லும். ஸ்ப்ரே டப்பாக்களில் 50 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். நாங்கள் ஹீட்டர் ஓட்டிய அறையில் அலமாரியின் மேல்தட்டில் அப்படி ஒரு டப்பா இருந்ததை சாயங்காலம்தான் பார்த்தோம், கூரைப் பக்கம் 58 டிகிரி ஓடிய அதே உயரத்தில். லைட்டர், மெழுகுவர்த்தி, மாத்திரை, பேட்டரி எல்லாம் இதே கணக்கு. அடுக்குமாடிக் கட்டடத்தில் கூரையில் தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் இருந்தால், சிவப்புக் குமிழ் உள்ளது 68 டிகிரியிலும் ஆரஞ்சுக் குமிழ் உள்ளது 57 டிகிரியிலும் உடைந்து தண்ணீரைக் கொட்டும்.

இரண்டாவது முறை

அறையைச் சூடாக்கும் எண்ணத்தை விட்டோம். சூட்டை விடவில்லை. 28 கன மீட்டருக்கும் 2 டன் சுவருக்கும் பதிலாக, பூச்சி இருக்கும் பொருளை ஒவ்வொன்றாகச் சின்ன இடத்துக்குள் கொண்டுபோய் சூடு கொடுத்தோம். இவ்வளவுதான் மாற்றம், இதுதான் பலித்தது.

துணி எல்லாம் ட்ரையரில், முழுச் சூட்டில், துணி நன்றாகச் சுட ஆரம்பித்த பிறகு 30 நிமிடம். டிரம்மைப் பிதுங்கப் பிதுங்க நிரப்பாமல் பாதி அளவுக்கு. அறையில் இருந்து எடுக்கும்போதே பையில் போட்டு வாயைக் கட்டி, வெளியே வந்த சுத்தமான துணியைப் புதுப் பையில் போட்டுக் கட்டி வைத்தோம். இரண்டு நாள் ஆனது, சலிப்பான வேலை.

சூட்கேஸ், செருப்பு, புத்தகம், பொம்மை எல்லாம் இதற்கென்றே விற்கும் மடக்குப் பெட்டி ஹீட்டருக்குள். சின்னக் கூடாரம் மாதிரி இருக்கும், உள்ளேயே அதற்கான ஹீட்டரும் ஃபேனும் கட்-ஆஃபும் வரும். சாதாரண ரூம் ஹீட்டரை அட்டைப்பெட்டிக்குள் வைத்து நீங்களே இதைச் செய்யலாமா என்று கேட்காதீர்கள், எங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். இதில் கற்றுக்கொண்ட ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன்: சென்சாரைப் பெட்டியின் காற்றில் தொங்கவிடக் கூடாது, இருப்பதிலேயே கனமான பொருளின் நடுவில் செருக வேண்டும். புத்தகக் கட்டுக்கு நடுவே வைத்தேன். பெட்டியின் காற்று 40 நிமிடத்தில் 55ஐத் தொட்டது. புத்தகத்தின் நடுப்பக்கம் 50 ஆக ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அங்கிருந்துதான் இரண்டு மணி நேரம் எண்ணினேன்.

கட்டிலை முழுக்கக் கழற்றி ஸ்டீமர். நீராவி முனையை ஜோராக வீசினால் பூச்சி பறந்து போய் வேறெங்காவது விழும், அகலமான முனையை மாட்டி, ஒரு சாண் தூரத்துக்குப் பத்து விநாடி என்ற வேகத்தில் நகர்த்த வேண்டும். முனை கடந்த உடனே அந்த இடம் 70 டிகிரிக்கு மேல் காட்டுகிறதா என்று அகச்சிவப்பு தெர்மாமீட்டரால் பார்த்துக்கொண்டே போனேன். அந்த ஸ்க்ரூ துளைகளுக்கு மட்டும் கூர்முனை, ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம். பிறகு ஊசியால் சுரண்டிப் பார்த்தேன், முட்டைகள் சுருங்கி, நிறம் மங்கி, உதிர்ந்து வந்தன. மெத்தையையும் சோஃபாவையும் இப்படியே செய்து, மெத்தைக்கு ஜிப் உள்ள முழு உறை போட்டோம். ஸ்விட்ச் போர்டு பக்கம் நீராவியைக் கொண்டுபோகவே கூடாது, அங்கேயும் சுவரோர வெடிப்பிலும் பூச்சிக்கென்று விற்கும் சிலிக்கா தூள், கண்ணுக்குத் தெரியுமா தெரியாதா என்ற அளவுக்கு மெல்லிசாக. மெயினை அணைத்துவிட்டு.

கட்டில் கால் ஒவ்வொன்றுக்கும் அடியில், விழுந்த பூச்சி ஏறி வர முடியாத வழுவழுப்பான பொறிக் கிண்ணம். கட்டிலைச் சுவரில் இருந்து தள்ளிப் போட்டு, போர்வை தரையில் தொங்காமல் பார்த்துக்கொண்டோம். அறையை விட்டு வேறு இடத்தில் போய்ப் படுக்கவும் இல்லை, படுத்தால் பூச்சி அங்கே தேடி வரும் என்று ஹால் சோஃபா கற்றுக்கொடுத்திருந்தது. தங்கைக்கு அது பெரிய கஷ்டமாக இருந்தது, கிண்ணத்தில் பூச்சி விழுந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே மேலே படுத்துத் தூங்குவது லேசான காரியம் இல்லை.

முதல் வாரம் கிண்ணங்களில் நான்கு. இரண்டாவது வாரம் இரண்டு, இரண்டுமே எள்ளைவிடச் சின்னக் குஞ்சுகள், அதாவது எங்கோ முட்டை தப்பியிருக்கிறது. மறுபடி ஒரு முறை ஸ்டீமர், இந்த முறை கதவு நிலையின் கீழ்ப் பகுதியில் கிடைத்தது. மூன்று, நான்காவது வாரம் ஒன்றுமில்லை. ஐந்தாவது வாரம் ஒன்று. அதற்கு அப்புறம் எட்டு வாரம் முழுக்கக் காலி.

ஆள் வைத்து அறையையே சூடாக்கலாமா

செய்யலாம், ஒழுங்காகச் செய்தால் அது நன்றாகவே வேலை செய்யும், அந்த முறையை நான் குறை சொல்லவில்லை. மாவு ஆலைகளில் நூறு ஆண்டுக்கு மேலாகக் கட்டடத்தையே சூடாக்கித்தான் மாவுப் பூச்சிகளை ஒழிக்கிறார்கள், 50 முதல் 60 டிகிரியில் ஒரு நாள் முழுக்க. வீட்டுக்கு வருபவர்கள் கொண்டுவருவது பத்து, இருபது கிலோவாட்டுக்கு மேற்பட்ட சூடு, அதிக வெப்பத்திலும் ஓடும் ஃபேன்கள், அறை முழுக்கப் பல சென்சார்கள். காற்றை 57 முதல் 63 டிகிரி வரை ஏற்றி, ஆறு எட்டு மணி நேரம் வைத்து, நடுவே உள்ளே போய் மெத்தையைத் திருப்பிப் போட்டு, அலமாரியை நகர்த்தி, துணியைக் கலைத்து விடுவார்கள்.

அப்படி யாரையாவது கூப்பிட்டால், சென்சாரை எங்கே வைப்பீர்கள் என்று மட்டும் கேளுங்கள். கட்டில் இடுக்கு, சோஃபாவின் உள்பக்கம், அலமாரிக்குப் பின்னால் தரையோரம் என்று பதில் வந்தால் சரி. அறை நடுவில் ஒன்று தொங்கவிடுவோம் என்றால் எங்கள் ஞாயிற்றுக்கிழமைதான் உங்களுக்கும். இன்னொன்றும் நினைவில் வையுங்கள், சூடு ஆறிய மறுநிமிடம் அந்த அறைக்கு எந்தப் பாதுகாப்பும் மிச்சம் இருக்காது. மருந்துபோல் ஒட்டி நிற்க அதில் ஒன்றும் இல்லை, மறுநாளே ஒரு பெட்டியில் பூச்சி வந்தால் முதலில் இருந்து ஆரம்பம்தான்.

தங்கை வீட்டில் கிண்ணங்களை இன்னும் எடுக்கவில்லை. ஞாயிறுதோறும் டார்ச் அடித்துப் பார்க்கிறாள். வெளியூர் போய் வந்தால் சூட்கேஸ் நேராக மடக்குப் பெட்டிக்குள் போகிறது, நடுவில் ஒரு சென்சாருடன்.